வீடு சரி, விலாசம் எங்கே?

திருப்பாச்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கோபமான கடிதம். சுருக்கம் இதுதான்: 'முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு அரசாங்கம் கான்கிரீட் வீடு கட்டித் தருகிறது. சந்தோஷம். எங்க பக்கத்தில் இருளர் ஜனங்கள் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் படுக்கிறார்கள். பட்டா கேட்டுக் கேட்டு தலைமுறையே போய்விட்டது. சொந்த நாட்டு ஏழைக்கு இல்லாதது வந்தவர்களுக்கு எதற்கு? மனிதாபிமானம், தொப்புள்கொடி என்று ஆரம்பிக்காமல் பதில் சொல்லுங்கள்.'

சரி, தொப்புள்கொடியைத் தொடவில்லை. விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஏனென்றால் இவர் கேட்டது நியாயமான கேள்வி. அதைவிட முக்கியம், இந்தக் கேள்வியை டீக்கடைகளில் பலர் கேட்கிறார்கள், எழுதித்தான் கேட்பதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது திருப்பாச்சூர். வாசீஸ்வரர் கோயில், திருத்தணி போகிற ரோடு. வடக்கு மூலையில் கும்மிடிப்பூண்டி. சிப்காட், இரும்பு உருக்கும் ஆலைகள், சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில் வரும் ஸ்டேஷன். அந்தக் கும்மிடிப்பூண்டியில்தான் தமிழ்நாட்டின் பெரிய அகதி முகாம்களில் ஒன்று இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாக. அங்கே பிறந்த குழந்தைக்குக் கல்யாணமாகி, அதற்கும் குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடம் போகிறது. மூன்று தலைமுறை இருந்த இடத்தை வேறு எங்கேயாவது 'முகாம்' என்று சொல்வோமா? ஊர் என்போம். இங்கே மட்டும் சொல்வதில்லை. அந்த வார்த்தைக்குள்தான் விவகாரமே இருக்கிறது.

முதலில் திட்டத்தைப் பார்த்துவிடுவோம். 2021 ஆகஸ்டில் மு.க.ஸ்டாலின் அரசு சட்டசபையில் அறிவித்தது. மொத்தம் 317 கோடி ரூபாய். இடிந்து விழுகிற நிலையில் இருந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, குடிநீர், கழிப்பறை, ரோடு, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, மாதாந்திர உதவித்தொகையைக் கூட்டுவது என்று பல அம்சங்கள். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் பல மாவட்டங்களில் கட்டி முடித்த 1,591 வீடுகள் திறந்துவைக்கப்பட்டன. ஒரு வீடு 300 சதுர அடி.

300 சதுர அடி என்றால் சிரிப்பீர்கள். அதற்கு முன்னால் இருந்தது என்ன தெரியுமா? பல முகாம்களில் பத்துக்குப் பத்து. தடுப்புச் சுவருக்குப் பதில் புடவை. ஒரு பக்கம் மாமியார் படுக்க, நடுவில் புடவை, இன்னொரு பக்கம் புதுசாகக் கல்யாணமான ஜோடி. மழை வந்தால் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைக்குக் கீழே குண்டான். அந்த இடத்தில் கழிப்பறையோடு 300 சதுர அடி என்பது சின்ன விஷயமில்லை. எந்தக் கட்சி செய்தாலும் நல்லது நல்லதுதான். இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் விமர்சனத்துக்கு வர வேண்டும்.

விமர்சனம் இது: யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு ஒரு இடத்தைத் திரும்ப உண்டாக்கிக் கொடுப்பது என்றால் சிமென்ட், மணல், கம்பி கணக்கு மட்டும் போதாது. மூன்று கேள்வி கேட்க வேண்டும். எப்படி வாழ்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அது யார் பெயரில் இருக்கிறது? பக்கத்தில் வேலை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். கொழும்புக்குப் போனால் போதும்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அடுத்த வருஷமே இலங்கையின் நகர அபிவிருத்தி அதிகார சபையை எந்த அமைச்சின் கீழ் கொண்டுபோனார்கள் தெரியுமா? பாதுகாப்பு அமைச்சு! ராணுவத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களே குடிசைகளையும் பார்த்துக்கொள்வார்கள். செயலாளர் கோத்தபய ராஜபக்ச. கொழும்பில் குடிசை, தகர வீடு என்று இருந்த சுமார் 68 ஆயிரம் குடும்பங்களை அடுக்குமாடிக்கு மாற்றி, காலியாகும் நிலத்தில் வியாபார வளாகங்கள் எழுப்புவது திட்டம். 2010 மே மாதம் கொம்பனித்தெருவில் மியூஸ் தெரு வீடுகள் ராணுவக் காவலோடு இடிக்கப்பட்டன. தமிழர், முஸ்லிம், மலாய்க்காரர், சிங்களவர் என்று எல்லாரும் சேர்ந்து இருந்த பகுதி அது. யுத்தம் பிரித்துவைத்த நாட்டில் பிரியாமல் இருந்த சில தெருக்களில் ஒன்று!

மாற்றப்பட்டவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் ஃபிளாட். இலவசம் என்று நினைக்காதீர்கள். பல குடும்பங்களிடம் 10 லட்சம் இலங்கை ரூபாய் தவணையாகக் கேட்டார்கள். தன் சொந்த வீட்டை இடித்தவனுக்கே தவணை கட்டுகிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது. கீழ்த்தளத்தில் வாசலைத் திறந்துவைத்து இடியப்பம் விற்றுப் பிழைத்த பெண், பத்தாவது மாடியில் யாருக்கு விற்பார்? லிஃப்ட் நின்றால் வயசானவர்கள் கதி? வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. உள்ளே இருப்பவர்களைக் கேட்டு எழுதிய ஆய்வறிக்கைகளைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இது கொழும்பின் வியாதி மட்டுமில்லை. லெபனானில் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். முடிந்ததும் பெய்ரூட்டின் நடுப்பகுதியைக் கட்டியெழுப்ப 1994-ல் சொலிடேர் என்று ஒரு கம்பெனி. அங்கே கடையும் வீடும் வைத்திருந்தவர்களுக்கு நிலத்துக்குப் பதிலாகக் கம்பெனியின் பங்குகளைக் கொடுத்தார்கள். பழைய சந்தை இருந்த இடத்தில் விலையுயர்ந்த கடைகள் வந்தன. பழைய ஆட்கள் வரவில்லை. நம்ம ஊர் மட்டும் என்ன? சென்னைக் கூவக்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களைக் கேளுங்கள். யுத்தமே நடக்காமல் அதே வைத்தியம் நடந்தது.

மாறாக, சரியாக நடந்த ஒன்றும் இலங்கையிலேயே இருக்கிறது. அதில் நமக்குப் பங்கும் இருக்கிறது. இந்திய அரசு 2010-ல் அறிவித்த 50 ஆயிரம் வீட்டுத் திட்டம். முதல் ஆயிரம் வீடுகளை ஏஜென்சி மூலம் கட்டிக் கொடுத்தார்கள். பெரிய தொகுதியை 2012 அக்டோபர் 2-ம் தேதி ஆரம்பித்தபோது முறையை மாற்றினார்கள். காண்டிராக்டர் கிடையாது. வீட்டுக்காரர் பேங்க் கணக்கிலேயே தவணை தவணையாக ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். அஸ்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் ஒரு தவணை, கூரைக்கு ஒன்று. வாசல் எந்தப் பக்கம், சமையலறை எங்கே, கிணற்றடி மாமரத்தை வெட்டுவதா வேண்டாமா என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். மேஸ்திரி அந்த ஊர்க்காரர், கூலி அந்த ஊருக்குள்ளேயே சுற்றியது.

குறை இல்லையா? நிறைய உண்டு. விலைவாசி ஏறியது. ஐந்தரை லட்சம் போதவில்லை. நகையை அடகு வைத்தார்கள், கந்துவட்டிக்குக் கடன் வாங்கினார்கள். கணவனை இழந்த பெண்கள் ஒற்றை ஆளாக மேஸ்திரியோடும் செங்கல்காரரோடும் மல்லுக்கட்டினார்கள். ஆனாலும் கட்டி முடித்து அதில் குடியிருக்கிறார்கள். அது அவர்கள் வீடு.

இதைக் கண்ணால் பார்த்த பிறகும் இலங்கை அரசு 2016-ல் என்ன யோசித்தது? வடக்கு கிழக்குக்கு 65 ஆயிரம் ரெடிமேட் இரும்பு வீடுகள். ஆர்சலர் மிட்டல் கம்பெனி. ஒரு வீடு சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். யாழ்ப்பாணத்து வெயிலில், கடல் உப்புக் காற்றில், இரும்பு வீடு! எஞ்சினியர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தமிழ் எம்.பி.க்கள் எதிர்த்தார்கள். ஜனங்களும் கேட்டார்கள்: இந்தப் பணத்தில் எங்களிடம் கொடுத்தால் ரெண்டு கல்வீடு கட்டுவோமே! கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. வீடு யாருக்கோ அவர்களைக் கேளாமல் போட்ட திட்டத்துக்கு நல்ல முடிவு.

நம்ம முகாம் வீடுகள் இந்த ரெண்டில் எந்த ரகம்? கொழும்பு மாதிரி விரட்டவில்லை. இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே கட்டுகிறார்கள். பணம் கேட்கவில்லை. அந்த வகையில் நிம்மதி. ஆனால் டிசைன் சென்னையில் போட்டது, கட்டுவது டெண்டர் எடுத்தவர். வேடிக்கை என்னவென்றால், முகாம் ஆண்களில் பெரும்பாலோர் செய்வது பெயின்ட் வேலை, கட்டட வேலை. தமிழ்நாடு முழுக்க அடுத்தவன் வீட்டுக்கு பிரைமர் அடித்துப் பட்டி பார்த்தவர்கள் தங்கள் வீட்டை மட்டும் வேறொருவர் கட்ட, நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். வன்னியில் நம்ம பணத்தை நம்பிக் கொடுத்தோம். வேலூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருப்பவரை நம்பக் கூடாதா?

இரண்டாவது கேள்வி: யார் பெயரில்? இங்கேதான் திருப்பாச்சூர் வாசகர் கவனிக்க வேண்டும். அந்த வீடு அவர்கள் பெயரில் இல்லை. பட்டா கிடையாது. விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. குறிப்பிட்ட நாளில் அதிகாரி வந்து ஆள் எண்ணும்போது நேரில் நிற்க வேண்டும். சில நாள் வெளியூரில் தங்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். இது வீடா, ஹாஸ்டலா?

காரணம், அவர்கள் சட்டப்படி யாருமில்லை. இந்தியா 1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்ததால் ஏட்டில் 'சட்டவிரோதக் குடியேறி'. குண்டு விழும்போது விசா ஆபீஸில் க்யூவில் நிற்கவில்லை என்பது குற்றம். சட்டவிரோதக் குடியேறி என்று ஒருமுறை எழுதிவிட்டால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் கதவே சாத்திவிடும். சரி, இங்கேயே பிறந்த பிள்ளைகள்? 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவருக்கு, பெற்றோர் யாராக இருந்தாலும், குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையைப் பார்ப்பார்கள். முகாம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள்.

2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கை பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஒரு சலுகை கொடுத்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, பயண ஆவணம் இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை. நல்லதுதான். ஆனால் 'உன்னைப் பிடிக்க மாட்டோம்' என்பதற்கும் 'நீ எங்களில் ஒருவன்' என்பதற்கும் நடுவில் ரொம்ப தூரம். இலங்கைக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் திரும்பட்டும். பல ஆயிரம் பேர் திரும்பியும் இருக்கிறார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டியில் பிறந்து, சென்னைத் தமிழ் பேசி, திருகோணமலையை அம்மா சொல்லி மட்டுமே கேட்டிருக்கிற பையனுக்கு எது 'திரும்புவது'?

மூன்றாவது கேள்வி வேலை. சுற்றிலும் சிப்காட். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து வேலை செய்கிறார்கள். ஆள் பற்றாக்குறை என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். ஆலை வாசலிலேயே எஞ்சினியரிங் படித்த முகாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்கவைத்ததில் அரசுக்கும், சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்கும் பங்கு உண்டு. படிப்பு வந்துவிட்டது. ஆனால் கம்பெனி கேட்கிற காகிதங்கள் இல்லை. அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. கடைசியில் டிகிரியை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு அப்பாவோடு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். அவன் தம்பி அதைப் பார்க்கிறான். அப்புறம் அவன் எதற்குப் படிப்பான்?

இதெல்லாம் சாத்தியமா என்று கேட்பீர்கள். நம்ம நாடே செய்திருக்கிறது. 1947 பிரிவினையில் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்தவர்களுக்காக டெல்லிக்குத் தெற்கே ஃபரிதாபாத்தில் 1949 முதல் ஒரு நகரம் எழுந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயாவும் கூட்டுறவு இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்களும் அகதிகளோடு சேர்ந்து நின்று, காண்டிராக்டர்களுக்குப் பதில் அகதிகளே கூட்டுறவுச் சங்கமாகத் தங்கள் வீடுகளைக் கட்ட வழி செய்தார்கள். கடை வைத்திருந்தவர்கள் செங்கல் சுமக்கவும் கொத்து வேலையும் கற்றுக்கொண்டார்கள். கூடவே தொழிற்சாலைகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். அந்தப் பகுதிக்குப் பெயரே 'நியூ இண்டஸ்ட்ரியல் டவுன்ஷிப்'. பின்னாளில் டிராக்டர், டயர், செருப்பு என்று இந்தியாவின் முக்கியமான தொழில் நகரங்களில் ஒன்றானது. அதிகாரிகள் கை ஓங்கியதும் அந்தக் கூட்டுறவு உணர்வு தேய்ந்தது என்று அதில் வேலை செய்த எல்.சி.ஜெயின் 1998-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனாலும் நகரம் நின்றது. ஏன்? அந்த அகதிகளுக்கு அரசியல் சட்டமே குடியுரிமை கொடுத்தது. வீடு அவர்களுடையது, ஓட்டு அவர்களுடையது.

இன்னும் பக்கத்தில் உதாரணம் வேண்டுமா? பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தபின் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்கள். சென்னையில் பீச் ஸ்டேஷன் எதிரே 1969-ல் அவர்களுக்குப் பிளாட்பாரத்தில் கடை போட அனுமதித்தார்கள். பர்மா பஜார் வந்தது. வடசென்னைக்கு அத்தோ வந்தது. இன்று அவர்களை யாராவது அகதி என்கிறோமா? கை கொடுத்து, கடை கொடுத்து, காகிதமும் கொடுத்தோம். ஒரு தலைமுறையில் கலந்துவிட்டார்கள்.

திருப்பாச்சூருக்குப் பெயர் வந்ததே மூங்கிலால் என்பார்கள். பாசு என்றால் மூங்கில். மூங்கிலை வெட்டினால் கவலையில்லை, கீழே கிழங்கு இருந்தால் மறுபடி வரும். தொட்டியில் வைத்தால் உயிரோடு இருக்கும், தோப்பாகாது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராகவே வருகிறேன். இருளர்களைப் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் அவர்கள் நிறையப் பேர். 1976-லேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்தும் மீட்க வேண்டியிருந்தது. அவர்கள் இந்தியக் குடிமக்கள். ஓட்டு உண்டு. ஆனாலும் பட்டா இல்லை. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால் சொந்தமாக மனை இருக்க வேண்டும். மனை இல்லாதவனுக்குக் கனவு மட்டும்தான்.

யோசித்துப் பாருங்கள். முகாம்காரருக்கு வீடு கிடைக்கிறது, மனை உரிமை இல்லை, குடியுரிமை இல்லை. இருளருக்குக் குடியுரிமை இருக்கிறது, மனை இல்லை, அதனால் வீடு இல்லை. ரெண்டு பேருக்கும் கிடைக்காத பொருள் ஒன்றேதான்: 'இந்த இடம் உன்னுடையது' என்று அரசாங்கம் போட்டுக் கொடுக்க வேண்டிய ஒரு கையெழுத்து. அதற்கு 317 கோடி வேண்டாம். ஒரு பேனா போதும். அதனால்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். பணம் கொடுத்தால் விழா நடத்தலாம். உரிமை கொடுத்தால் நாளைக்கு எதிரில் நின்று கேள்வி கேட்பார்கள்.

முகாம் வீட்டை இடித்தால் இருளருக்கு ஒரு செங்கல்கூட வராது. ஒரு ஏழைக்குக் கொடுத்ததைக் காட்டி இன்னொரு ஏழையைக் கோபப்பட வைப்பது ஆட்சியில் இருப்பவர்களுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்தை நாம் ஏன் செய்து கொடுக்க வேண்டும்?

கேட்க வேண்டியதை இப்படிக் கேளுங்கள். ஒன்று, இனி கட்டுகிற முகாம் வீடுகளைக் கட்டும் பணத்தை அங்கே இருப்பவர்கள் கையில் தவணையாகக் கொடுங்கள்; பெயின்டரும் கொத்தனாரும் அங்கேயே இருக்கிறார்கள். இரண்டு, முகாமிலும் சரி, இருளர் குடியிருப்பிலும் சரி, முதலில் மனை உரிமை, பிறகு கட்டடம். இருளர் விஷயத்தில் இது மாநில அரசு கையிலேயே இருக்கிறது, டெல்லியைக் காரணம் சொல்ல முடியாது. மூன்று, இங்கே பிறந்தவர்களுக்காவது குடியுரிமை. இதை மத்திய அரசுதான் செய்ய வேண்டும், நம் எம்.பி.க்கள் பாராளுமன்றத்தில் ஓயாமல் கேட்க வேண்டும். நான்கு, அதுவரை சிப்காட் வேலைகளில் முகாம் அடையாள அட்டையே போதும் என்று ஓர் உத்தரவு.

இதில் எதுவும் உங்கள் ஊர்க்காரரிடமிருந்து எதையும் பிடுங்காது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இருளர்களின் பட்டாவுக்கு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். வருஷக்கணக்காக அவர்கள் கொடுத்த மனுக்களின் நகல்களையும் எடுத்துப் போங்கள். அதிகாரி 'பார்க்கலாம்' என்றால், எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியை எனக்கும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.